பைதான் நிரல்களால் வழுப் பதிவேட்டுப் பணிகளைத் தானியக்கமாக்கல்

வழுப் பதிவேடு என்பது ஒரு மென்பொருளில் காணப்படும் பிழைகள், அதற்கு வேண்டிய புதிய வசதிகள், அதைப் பற்றிய ஐயங்கள் ஆகியவற்றை எண்ணிட்டுப் பதிந்து, அவை தீரும்வரை பின்தொடர உதவும் இணைய ஏடு ஆகும். மென்பொருள் துறையினர் இதனை இஷ்யூ டிராக்கர் அல்லது பக் டிராக்கர் என்பர். கிட்ஹப் இஷ்யூஸ், கிட்லேப், பக்சில்லா, ஜிரா, டிராக், ரவுண்டப் ஆகியன இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. இந்த ஏடுகளில் நாள்தோறும் திரும்பத் திரும்பச் செய்யவேண்டிய எழுத்தர் வேலைகளைச் சிறு பைதான் நிரல்களிடம் ஒப்படைக்கலாம். அதற்கான வழிமுறையையும், அதில் மாணவர்கள் வழக்கமாகத் தவறும் இடங்களையும், நிரலிடம் ஒப்படைக்கக் கூடாத வேலைகளையும் இக்கட்டுரை கிட்ஹப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

## பதிவேட்டின் உறுப்புகள்

பதிவேட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எண், ஒரு தலைப்பு, ஒரு விவரம், திறந்துள்ளதா மூடப்பட்டதா என்னும் நிலை, லேபிள் எனப்படும் குறிச்சொற்கள், பொறுப்பாளர், அடுத்தடுத்து எழுதப்படும் கருத்துகள் ஆகியன இருக்கும். ஒருவர் கருத்து எழுதினால் அந்தப் பதிவைப் பின்தொடரும் அனைவருக்கும் மின்னஞ்சல் செல்லும். இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் பல எச்சரிக்கைகளுக்கு இதுவே காரணம்.

புதிதாக வரும் பதிவைப் படித்து, அது எவ்வகையைச் சேர்ந்தது, முன்பே சொல்லப்பட்டதா, யார் கவனிக்க வேண்டியது என்று பிரித்து வைப்பது ஒரு தனி வேலை. கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் பெரும்பாலும் தன்னார்வலர்களே மாலை நேரத்தில் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் இதைச் செய்கிறார்கள். அந்த ஒரு மணி நேரமும் குறிச்சொல் ஒட்டுவதிலேயே கழிந்துவிட்டால், வழுவைத் திருத்த நேரம் இராது. தானியக்கத்தின் தேவை இங்கிருந்துதான் பிறக்கிறது.

## சுருக்கமான வரலாறு

டெபியன் திட்டத்தின் வழுப் பதிவேட்டை 1994இல் இயன் ஜாக்சன் உருவாக்கினார். அதற்கு மின்னஞ்சல் வழியாகவே கட்டளை இட முடியும். 1998இல் டெரி வைஸ்மன் மொசில்லா திட்டத்துக்காக பக்சில்லாவை டிசிஎல் மொழியில் எழுதினார். பிறகு அது பெர்ல் மொழிக்கு மாற்றப்பட்டது. 2002இல் ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனம் ஜிராவை வெளியிட்டது. காட்சில்லாவின் ஜப்பானியப் பெயரான கோஜிராவிலிருந்து அப்பெயர் வந்தது. பக்சில்லா என்னும் பெயரை ஒட்டிய விளையாட்டு அது.

பைதான் மொழிக்கும் இத்துறைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. டிராக் என்னும் பதிவேடு பைதானில் எழுதப்பட்டது. டிஜாங்கோ திட்டம் இன்றும் அதையே பயன்படுத்துகிறது. ரவுண்டப் என்னும் பதிவேடும் பைதானில் எழுதப்பட்டதே. அதன் வடிவமைப்பைக் கா-பிங் யீ தந்தார், ரிச்சர்ட் ஜோன்ஸ் அதை மென்பொருளாக்கினார். பைதான் மொழியின் சொந்த வழுக்கள் முன்பு சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்திலும், 2007 முதல் ரவுண்டப்பிலும் பதியப்பட்டன. 2022 ஏப்ரலில் அவை அனைத்தும் கிட்ஹப்புக்கு மாற்றப்பட்டன. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கையால் நகலெடுக்க முடியாது, நிரல்களே அதைச் செய்தன. மாற்றப்பட்ட ஒவ்வொரு பதிவின் தலைப்பகுதியிலும் பழைய எண் குறிக்கப்பட்டுள்ளது. அதனால் இருபது ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் உரையாடலையும் இன்று தேடிப் படிக்க முடிகிறது.

## நிரலுக்கு உரிய வேலையும் மனிதருக்கு உரிய வேலையும்

விடைத்தாளில் மதிப்பெண்ணைக் கூட்டுவது ஒரு வேலை. விடைக்கு மதிப்பெண் போடுவது வேறு வேலை. முன்னதை யார் செய்தாலும் விடை ஒன்றே, ஆகவே அதை இயந்திரத்திடம் கொடுக்கலாம். பின்னதற்குப் படித்துப் பார்க்கும் ஒருவர் வேண்டும். பதிவேட்டு வேலைகளையும் இப்படியே பிரித்துப் பார்க்கலாம்.

நிரலிடம் தயங்காமல் கொடுக்கக்கூடியவை:

- வாரந்தோறும் எத்தனை பதிவுகள் வந்தன, எத்தனை மூடப்பட்டன என்று கணக்கெடுத்தல்
- பதிலே பெறாத பதிவுகளைப் பட்டியலிட்டுப் பொறுப்பாளருக்கு நினைவூட்டல்
- பதிப்பு எண் போன்ற கட்டாய விவரம் விடுபட்டிருந்தால் கேட்டல்
- பழைய குறிச்சொல் ஒன்றைப் புதிய பெயருக்கு மாற்றல்
- பதிவேட்டின் நகலைக் காப்புக்காக எடுத்துவைத்தல்

நிரலிடம் கொடுக்கத் தயங்க வேண்டியவை:

- ஒரு பதிவை வழு அல்ல என்று தள்ளுபடி செய்தல்
- இரண்டு பதிவுகள் ஒன்றே என்று முடிவு செய்து ஒன்றை மூடல்
- பாதுகாப்புத் தொடர்பான பதிவின் அவசரத்தை அளவிடல்
- நீண்ட நாள் ஆயிற்று என்பதற்காக மட்டும் மூடல்

முதற்பட்டியலில் தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்ளலாம். இரண்டாம் பட்டியலில் தவறு நேர்ந்தால், நேரம் ஒதுக்கிப் பிழையை எழுதியனுப்பிய ஒருவர் காரணம் அறியாமல் திருப்பி அனுப்பப்படுகிறார். அவர் மறுமுறை எழுதமாட்டார். அவர் கண்ட வழுவோ மென்பொருளில் அப்படியே இருக்கும்.

## நிரல் பதிவேட்டுடன் பேசும் முறை

நாம் உலாவியில் பக்கத்தைத் திறந்து பொத்தான்களை அழுத்துகிறோம். நிரலுக்கு அந்தப் பக்கம் தேவையில்லை. ஏபிஐ எனப்படும் நிரல் இடைமுகம் வழியாக அது கோரிக்கை அனுப்பி விடை பெறுகிறது. விடை ஜேசன் என்னும் வடிவில் வரும். பைதானில் அது அகராதிகளும் பட்டியல்களுமாக மாறிவிடும். ஒரு பதிவு ஓர் அகராதி, பல பதிவுகள் அகராதிகளின் பட்டியல் என்று கொண்டால் போதும்.

கோரிக்கைகளில் மூன்று வகை முக்கியமானவை. கெட் என்பது விவரம் கேட்பது, போஸ்ட் என்பது புதிதாக ஒன்றைச் சேர்ப்பது, பேட்ச் என்பது இருப்பதை மாற்றுவது. கெட் எதையும் கெடுக்காது. மற்ற இரண்டும் பதிவேட்டில் எழுதுபவை, ஆகவே கவனம் வேண்டும்.

இவற்றை அனுப்பப் பைதானில் ரிக்வெஸ்ட்ஸ் என்னும் நூலகம் பெரிதும் பயன்படுகிறது. கிட்ஹப்புக்கென்றே பைகிட்ஹப், பக்சில்லாவுக்குப் பைதான்-பக்சில்லா, ஜிராவுக்கு ஜிரா என்னும் பெயரிலேயே ஒரு நூலகம் ஆகியனவும் உள்ளன. தொடக்கத்தில் ரிக்வெஸ்ட்ஸையே பயன்படுத்துவது நல்லது. உள்ளே என்ன நடக்கிறது என்பது அப்போதுதான் புரியும்.

### டோக்கன்

நிரல் தன்னை அடையாளம் காட்டக் கடவுச்சொல்லுக்குப் பதிலாக டோக்கன் என்னும் நீண்ட எழுத்துத் தொடரைத் தருகிறது. கிட்ஹப் தன் ஏபிஐயில் கடவுச்சொல்லை ஏற்பதை 2020 நவம்பரில் நிறுத்திவிட்டது. டோக்கனை நிரலின் உள்ளே எழுதக் கூடாது, கணினியின் சூழல் மாறியில் வைத்து அங்கிருந்து படிக்க வேண்டும். நிரலில் எழுதிப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டால், பிறகு அந்த வரியை அழித்தாலும் பழைய பதிப்புகளில் அது இருந்துகொண்டே இருக்கும். அவ்வாறு நேர்ந்தால் வரியை அழிப்பதோடு நில்லாமல் டோக்கனையே உடனே செல்லாததாக்க வேண்டும். மேலும், டோக்கனுக்கு வேலைக்கு வேண்டிய உரிமை மட்டுமே தரப்பட வேண்டும். கணக்கெடுக்கும் நிரலுக்குப் படிக்கும் உரிமை போதும், எழுதும் உரிமை எதற்கு?

### வரம்புகள்

கிட்ஹப் டோக்கன் இல்லாத கோரிக்கைகளை ஓர் இணைய முகவரிக்கு மணிக்கு 60 என்று கட்டுப்படுத்துகிறது. டோக்கனுடன் ஒரு பயனருக்கு மணிக்கு 5,000. ஒரு கல்லூரி ஆய்வகத்தில் 40 மாணவர்கள் ஒரே இணைப்பின் வழியாக டோக்கன் இன்றி முயன்றால், ஆளுக்கு இரண்டு கோரிக்கைகள் முடிவதற்குள் அனைவருக்கும் கதவு மூடப்படும். நிரல் தவறு என்று எண்ணி மாணவர்கள் அதை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருப்பர். உண்மைக் காரணம் இந்த வரம்புதான்.

விடையோடு வரும் நிலை எண்ணைப் பார்த்தால் காரணம் தெரியும். 200 என்றால் வெற்றி. 201 என்றால் புதியது உருவாயிற்று. 401 என்றால் டோக்கன் தவறு. 403 என்றால் உரிமை இல்லை அல்லது வரம்பு முடிந்தது. 404 என்றால் அப்படி ஒன்று இல்லை, அல்லது அதைப் பார்க்க உங்களுக்கு உரிமை இல்லை. 429 என்றால் அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொரு கோரிக்கைக்குப் பின்னும் இந்த எண்ணைச் சோதிக்காத நிரல், எதுவுமே நடக்காதபோதும் எல்லாம் நன்றாக முடிந்ததாகச் சொல்லும்.

## ஓர் எடுத்துக்காட்டு: விவரம் கேட்கும் நிரல்

தமிழ் உரைகளைத் திருத்தும் மென்பொருள் ஒன்றைத் தன்னார்வலர்கள் சிலர் நடத்துவதாகவும், அதன் பதிவேட்டில் 300 திறந்த பதிவுகள் இருப்பதாகவும் கொள்வோம். பல பதிவுகளில் "கோப்பு திறக்கவில்லை" என்ற ஒரு வரி மட்டுமே உள்ளது. எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம் என்ற விவரம் இல்லை. அவற்றைக் கண்டறிந்து, "விவரம் தேவை" என்னும் குறிச்சொல்லை ஒட்டி, பணிவாக ஒரு கருத்து எழுதுவதே நிரலின் வேலை. படிகள் இவை:

1. சூழல் மாறியிலிருந்து டோக்கனைப் படித்தல்.
2. திறந்த பதிவுகள் அனைத்தையும் பக்கம் பக்கமாகப் பெற்று ஒரே பட்டியலில் சேர்த்தல்.
3. அவற்றில் புல் ரிக்வெஸ்ட் எனப்படும் இணைப்புக் கோரிக்கைகளை நீக்கல்.
4. ஏற்கெனவே "விவரம் தேவை" என்று குறிக்கப்பட்டவற்றை நீக்கல்.
5. எஞ்சியவற்றின் விவரப் பகுதியில் பதிப்பு எண் உள்ளதா என்று தேடல்.
6. இல்லாதவற்றின் எண்ணையும் தலைப்பையும் திரையில் காட்டல்.
7. மனிதர் ஒருவர் அப்பட்டியலைப் பார்த்து ஒப்பிய பின்னரே கருத்தும் குறிச்சொல்லும் சேர்த்தல்.

மூன்றாம் படி ஏன்? கிட்ஹப்பில் ஒவ்வோர் இணைப்புக் கோரிக்கையும் பதிவாகவே கருதப்படுகிறது. பதிவுகளைக் கேட்டால் இரண்டும் கலந்தே வரும். இணைப்புக் கோரிக்கைக்கு மட்டும் அதன் அகராதியில் கூடுதலாக ஒரு திறவுச்சொல் இருக்கும். அதைப் பார்த்துப் பிரிக்காவிட்டால், வழுவைத் திருத்தி அனுப்பியவரிடமே "எந்தப் பதிப்பில் இந்த வழு வந்தது?" என்று நிரல் கேட்கும்.

ஆறாம் படிக்கு ஒத்திகை ஓட்டம் என்று பெயரிடலாம். நிரல் தான் செய்யப்போவதைச் சொல்லும், ஆனால் செய்யாது. எந்த நிரலையும் முதலில் ஒத்திகை முறையிலேயே ஓடும்படி எழுதி, உண்மையாக எழுத வேண்டுமென்றால் தனியே ஒரு சொல் சேர்த்துக் கட்டளையிடும்படி வைப்பது நல்ல பழக்கம்.

### தமிழ் உரையில் தேடும்போது

ஐந்தாம் படியில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. "கோப்பு" என்னும் சொல்லின் முதல் எழுத்தை யுனிகோடில் இரண்டு வகையாகச் சேமிக்கலாம். ககரத்துடன் ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம், அல்லது இரட்டைச் சுழியையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பைதானுக்கு அவை வெவ்வேறு சரங்கள். ஒப்பிட்டால் சமம் இல்லை என்றே விடை வரும். பைதானுடன் வரும் யுனிகோட்டேட்டா என்னும் நூலகத்தின் நார்மலைஸ் செயற்கூற்றால் இரண்டு சரங்களையும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிவிட்டுத் தேடினால் இச்சிக்கல் தீரும்.

இதற்கு மாறாக, எண்களில் பைதான் நமக்கு உதவுகிறது. சீரான தொடர்களைத் தேடும் ஆர்இ நூலகத்தில் இலக்கத்தைக் குறிக்கும் குறியீடு தமிழ் எண்களையும் ஏற்கும். பதிப்பு ௨ என்று ஒருவர் எழுதியிருந்தாலும் நிரல் அதை இலக்கமாகவே கண்டுகொள்ளும். அதை முழு எண்ணாக மாற்றினால் 2 என்றே கிடைக்கும்.

### நிரலே வேண்டாத வழி

இந்த நிரலை எழுதும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். பதிப்பு எண் விடுபடுவதைப் பின்னர் கேட்பதைவிட முதலிலேயே தடுக்க முடியுமா? முடியும். கிட்ஹப்பில் புதிய பதிவுக்கான படிவம் அமைத்து, அதில் பதிப்பு எண்ணைக் கட்டாயமாக்கலாம். அப்படிச் செய்தால் இனி வரும் பதிவுகளுக்கு நிரல் தேவையில்லை. பழைய 300 பதிவுகளுக்கு மட்டும் ஒருமுறை ஓட்டினால் போதும்.

## வழக்கமாக நேரும் தவறுகள்

### முதற்பக்கத்தோடு நின்றுவிடுதல்

கிட்ஹப் ஒரு கோரிக்கைக்கு இயல்பாக 30 பதிவுகளையே தரும். கேட்டால் 100 வரை தரும். 300 பதிவுகள் உள்ள பதிவேட்டில் முதல் 30ஐ மட்டும் பார்த்துவிட்டு நிரல் பிழை எதுவும் காட்டாமல் முடியும். பத்தில் ஒரு பங்கு வேலைதான் நடந்தது என்பது யாருக்கும் தெரியாது. அடுத்த பக்கத்தின் முகவரி விடையின் தலைப்பகுதியில் வரும். அது வராமல் நிற்கும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

### நகரும் பட்டியல்

பக்கம் பக்கமாகப் படிக்கும்போதே பதிவுகளை மூடிக்கொண்டு போவது இன்னொரு தவறு. 300 பதிவுகளையும் மூட வேண்டும், பக்கத்துக்கு 100 என்று கொள்வோம். முதற்பக்கத்தில் உள்ள 1 முதல் 100 வரை மூடப்பட்டன. இப்போது திறந்துள்ளவை 101 முதல் 300 வரை, அதாவது 200 மட்டுமே. இரண்டாம் பக்கத்தைக் கேட்டால் இந்த 200இன் இரண்டாம் நூறு, அதாவது 201 முதல் 300 வரை வரும். அவையும் மூடப்படும். மூன்றாம் பக்கம் வெறுமையாக இருக்கும். நிரல் முடிந்துவிடும். 101 முதல் 200 வரையுள்ள பதிவுகளை அது பார்க்கவே இல்லை. முழுப் பட்டியலையும் முதலில் சேகரித்துக்கொண்டு, அதன் பிறகே மாற்றங்களைத் தொடங்க வேண்டும் என்பது இதனால்தான்.

### நேரக் கணக்கு

பதிவேட்டில் வரும் நேரங்கள் எல்லாம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். இந்திய நேரமும் இலங்கை நேரமும் அதைவிட ஐந்தரை மணி முந்தியவை. ஜூலை 1 அதிகாலை 2 மணிக்கு நம்மவர் ஒருவர் எழுதிய பதிவு, ஜூன் 30 இரவு 8.30 என்றே பதிவாகியிருக்கும். மாதக் கணக்கெடுக்கும் நிரல் அதை ஜூன் மாதத்தில் சேர்க்கும். எந்த நேரத்தைக் கொள்கிறோம் என்பதை அறிக்கையிலேயே குறிப்பிட வேண்டும். நேர மண்டலம் குறித்த நேரத்தையும் குறிக்காத நேரத்தையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் பைதான் பிழை காட்டி நிற்கும். அது நல்லதே. இரண்டையும் மண்டலத்தோடு எழுதினால் தீரும்.

### இருமுறை ஓடும் நிரல்

இணையம் பாதியில் அறுந்தால் நிரலை மறுபடி ஓட்ட நேரும். முதல் ஓட்டத்தில் 40 பேருக்குக் கருத்து எழுதியிருந்தால், இரண்டாம் ஓட்டத்தில் அதே 40 பேருக்கும் அதே கருத்து மறுபடி போகக் கூடாது. மேலே நான்காம் படியில் குறிச்சொல்லைச் சோதிப்பது இதற்காகவே. எத்தனை முறை ஓட்டினாலும் ஒருமுறை ஓட்டிய பயனே கிடைக்கும்படி நிரலை எழுத வேண்டும்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. கருத்தை எழுதிவிட்டுக் குறிச்சொல் ஒட்டுமுன் இணைப்பு அறுந்தால், அடுத்த ஓட்டத்தில் கருத்து இரண்டாகும். குறிச்சொல்லை முதலில் ஒட்டிவிட்டுக் கருத்து எழுதுமுன் அறுந்தால், கருத்து விடுபடும். இரண்டில் எது குறைந்த தீங்கு என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். விவரம் கேட்கும் நிரலில் குறிச்சொல்லை முதலில் ஒட்டலாம். குறிச்சொல்லைக் காணும் தன்னார்வலர் கருத்து இல்லாததைக் கவனித்துத் தாமே கேட்டுக்கொள்வார்.

### தன்னோடு தானே பேசுதல்

கருத்து வந்தவுடன் இயங்கும் நிரல், தான் எழுதிய கருத்தையும் புதுக் கருத்தாகக் கருதிப் பதில் எழுதினால், அது முடிவில்லாமல் ஓடும். எழுதியவர் யார் என்று முதல் வரியிலேயே சோதித்து, தானே ஆயின் நின்றுவிட வேண்டும். கிட்ஹப் ஆக்ஷன்ஸ் என்னும் வசதியில் அத்தளமே தரும் தற்காலிக டோக்கனால் செய்த மாற்றங்கள் பொதுவாக மறுபடி நிரலைத் தூண்டுவதில்லை. இச்சுழலைத் தடுக்கவே அந்த ஏற்பாடு. சொந்த டோக்கனைப் பயன்படுத்தினால் அந்தக் காப்பு இல்லை.

இதை ஒத்த இன்னொரு சிக்கல்: பதிவு கடைசியாக எப்போது மாறியது என்பதை வைத்து அதன் வயதைக் கணக்கிட்டால், நிரல் எழுதும் கருத்தே அந்த நாளை மாற்றிவிடும். மனிதர் கடைசியாக எழுதிய நாளையே கணக்கில் கொள்ள வேண்டும்.

### விரைந்து எழுதுதல்

கருத்து, பதிவு போன்றவற்றை உருவாக்கும் கோரிக்கைகளுக்குக் கிட்ஹப் பொதுவாக நிமிடத்துக்கு 80, மணிக்கு 500 என்று தனி வரம்பு வைத்துள்ளது. ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு நொடியாவது நிற்கும்படியும் கூறுகிறது. வரம்பை விட்டுவிட்டாலும், 300 பதிவுகளில் ஒரே நேரத்தில் கருத்து எழுதினால் எல்லாவற்றையும் பின்தொடரும் ஒரு தன்னார்வலருக்கு 300 மின்னஞ்சல்கள் வரும். அந்தக் குவியலில் உண்மையாகவே அவசரமான ஒரு மடல் இருந்தால் அவர் அதைக் காணமாட்டார். முதல் நாள் ஐந்து பதிவுகளில் மட்டும் ஓட்டிப் பார்த்து, யாருக்கும் இடையூறு இல்லை என்று தெரிந்தபின் தொடர்வதே முறை.

## பைதான் திட்டத்தின் சொந்தத் தானியங்கிகள்

பைதான் மொழியை உருவாக்கும் குழுவினர் தம் கிட்ஹப் களஞ்சியத்தில் பைதானில் எழுதிய தானியங்கிகளையே பயன்படுத்தியுள்ளனர். அவற்றின் பெயர்கள் மாண்டி பைதான் குழுவின் நகைச்சுவைத் திரைப்படம் ஒன்றில் வரும் பாத்திரங்களுடையவை. மொழியின் பெயரே அக்குழுவிடமிருந்து வந்தது.

பெடிவியர் என்னும் தானியங்கி, இணைப்புக் கோரிக்கையின் தலைப்பில் பதிவின் எண் உள்ளதா என்று சோதிக்கிறது. கோரிக்கை எந்த நிலையில் உள்ளது என்பதைக் குறிச்சொல்லால் காட்டுகிறது. சீராய்வாளர் மாற்றம் கேட்டால் "மாற்றத்துக்காகக் காத்திருக்கிறது" என்னும் பொருளுடைய குறிச்சொல்லை ஒட்டும். எழுதியவர் மாற்றத்தைச் செய்துவிட்டதாகக் குறிப்பிட்ட ஒரு வாக்கியத்தை எழுதினால், சீராய்வாளருக்குச் செய்தி சொல்லிக் குறிச்சொல்லை மாற்றும். மிஸ் இஸ்லிங்டன் என்பது மற்றொன்று. ஒரு திருத்தம் பழைய பதிப்புக்கும் வேண்டும் என்று மனிதர் ஒருவர் குறிச்சொல் ஒட்டியிருந்தால், அத்திருத்தத்தைப் பழைய பதிப்புக்கு ஏற்றி ஒரு புதிய கோரிக்கையை அது உருவாக்கும்.

வேலைப் பங்கீட்டைப் பாருங்கள். பழைய பதிப்புக்கு இத்திருத்தம் வேண்டுமா என்பதை மனிதரே முடிவு செய்கிறார். அம்முடிவுக்குப் பின் வரும் சலிப்பூட்டும் நகலெடுப்பைத் தானியங்கி செய்கிறது. அதுவும் இயலாமல் முரண்பாடு வந்தால், தன்னால் ஆகவில்லை என்று எழுதிவிட்டு மனிதரிடமே திருப்பித் தருகிறது.

## ஐயம் இருந்தால் விலகி நிற்கும் நிரல்

ஃபயர்பாக்ஸ் உலாவியின் வழுக்கள் பக்சில்லாவில் பதியப்படுகின்றன. ஒவ்வொரு வழுவும் உலாவியின் எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று பிரிப்பது பெரும் வேலை. இதற்காக மொசில்லா, பக்பக் என்னும் பைதான் திட்டத்தை உருவாக்கியது. பழைய வழுக்களையும் அவற்றை மனிதர்கள் பிரித்த முறையையும் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட கணிப்பு நிரல் அது. 2019இல் அதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தபோது, தன் கணிப்பில் 60 விழுக்காட்டுக்கு மேல் உறுதி இருந்தால் மட்டுமே அது வழுவை உரிய பகுதிக்கு நகர்த்தும் என்று வைத்தனர். உறுதி குறைந்தால் அது எதையும் செய்யாது, மனிதர் பார்ப்பார். தவறாகப் பிரிக்கப்பட்ட பதிவு உரிய ஆளின் கண்ணில் படாமல் கிடக்கும். பிரிக்கப்படாத பதிவையோ யாரேனும் பார்ப்பார்கள். ஆகவே இங்கே சும்மா இருப்பதே பாதுகாப்பானது.

## பழைய பதிவுகளைத் தானே மூடும் நிரல் பற்றிய விவாதம்

தானியக்கத்தில் மிகுதியும் விவாதிக்கப்படுவது இதுவே. ஸ்டேல் என்னும் பெயரில் கிட்ஹப் வழங்கும் வசதி, இயல்பான அமைப்பில், 60 நாள் அசைவில்லாத பதிவுக்கு எச்சரிக்கைக் குறிச்சொல் ஒட்டி, மேலும் 7 நாள் கழித்து மூடிவிடும்.

இதற்கு ஆதரவாகச் சொல்லப்படுவது: சில ஆயிரம் திறந்த பதிவுகள் உள்ள ஏட்டில் எது உயிருள்ளது என்று தெரியாமல் பராமரிப்பாளர் மலைத்துப்போகிறார். விவரம் கேட்டும் பதில் தராதவரின் பதிவை எத்தனை காலம் வைத்திருப்பது?

எதிராகச் சொல்லப்படுவது: வழு திருத்தப்படாமல் பதிவை மட்டும் மூடினால் கணக்கு அழகாகுமே தவிர மென்பொருள் திருந்தாது. விவரமாக எழுதிய ஒருவருக்கு யாருமே பதில் சொல்லாத காரணத்தால்தான் அறுபது நாள் அசைவில்லாமல் இருந்தது. தவறு பராமரிப்போர் பக்கம் இருக்க, தண்டனை எழுதியவருக்குப் போகிறது. அதே வழுவை அடுத்து வருபவர் மறுபடி புதிதாகப் பதிவார். பழைய உரையாடலில் கண்டறிந்த செய்திகள் சிதறிப்போகும்.

இரு பக்கத்து வாதங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு நடுவழி தெரிகிறது. யார் பதில் சொல்ல வேண்டிய நிலையில் பதிவு நிற்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. விவரம் கேட்டு, "விவரம் தேவை" என்று குறித்து, எழுதியவர் நெடுநாள் பதில் தராதபோது மூடலாம். பராமரிப்போர் பதில் சொல்ல வேண்டிய பதிவை மூடக் கூடாது, அவர்களுக்கு நினைவூட்ட வேண்டும். மூடும்போது "முடிந்தது" என்றும் "திட்டமில்லை" என்றும் காரணத்தைப் பிரித்துக் குறிக்கக் கிட்ஹப்பில் வழி உண்டு. திருத்தப்படாததை முடிந்தது என்று குறிப்பது பொய்க்கணக்கு. மறுபடி திறக்கும் வழியையும் கருத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

## தொடங்குவோருக்கு

மாணவர்கள் கீழ்க்காணும் வரிசையில் பயின்றால் யாருக்கும் இடையூறு இல்லாமல் கற்கலாம்.

1. பொதுக் களஞ்சியம் ஒன்றின் பதிவுகளைக் கெட் கோரிக்கையால் பெற்று, தலைப்புகளைத் திரையில் காட்டும் நிரல். இதற்கு டோக்கனும் தேவையில்லை.
2. எல்லாப் பக்கங்களையும் படித்து, குறிச்சொல் வாரியாக எண்ணிக்கை தரும் நிரல். விடையைத் தளத்தில் தெரியும் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒத்துவராவிட்டால், பக்கங்களையோ இணைப்புக் கோரிக்கைகளையோ கவனிக்கத் தவறியிருப்போம்.
3. பதிலே பெறாத பதிவுகளைக் கோப்பில் எழுதித் தரும் நிரல். இதைப் பெற்றுக்கொள்ளும் எந்தத் தன்னார்வலரும் மகிழ்வார்.
4. தாமே உருவாக்கிய சோதனைக் களஞ்சியத்தில் குறிச்சொல் ஒட்டும் நிரல். ஒத்திகை ஓட்டமும் மறுஓட்டச் சோதனையும் இங்கேதான் பழக வேண்டும்.
5. இவை நான்கும் கைவந்த பின், உண்மைத் திட்டம் ஒன்றின் பராமரிப்போரிடம் கேட்டு, அவர்கள் ஒப்பினால் அவர்களுக்கு வேண்டிய நிரல்.

பிறர் நடத்தும் பதிவேட்டில் அனுமதியின்றி நிரலால் எழுதுவது முறையன்று. தானியங்கி எழுதும் ஒவ்வொரு கருத்திலும் அது தானியங்கி என்பதையும், தவறு நேர்ந்தால் எந்த மனிதரை அணுகலாம் என்பதையும் ஒரு வரியில் குறிப்பிட வேண்டும். பதிவு எழுதியவர் அந்தக் கருத்தைப் படித்துத் திரும்ப ஏதேனும் எழுதினால், அதைப் படிக்க ஒருவர் இருக்க வேண்டும். நிரலால் மிச்சமான நேரத்தை முதலில் அதற்கே செலவிடலாம்.